யார் யாருடைய மொழியைக் கற்க வேண்டும்? உலக நாடுகளில் ரஷ்ய மொழியின் சட்டத் தகுதி



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் உலக நாடுகளில் ரஷ்ய மொழிக்குள்ள சட்டத் தகுதி. பட்டியலாகச் சொன்னால் சில வரிகளில் முடிந்துவிடும். ரஷ்யாவிலும் பெலாரூஸிலும் அது அரசுமொழி. கிர்கிஸ்தானில் அரசுமொழி கிர்கீஸ். ரஷ்ய மொழி அலுவல்மொழி. கஜகஸ்தானின் 1995 அரசியலமைப்பு கஜக் மொழியை மட்டும் அரசுமொழியாக்கி, அரசு நிறுவனங்களில் ரஷ்ய மொழி அதற்கு இணையாகப் பயன்படும் என்றது. தஜிகிஸ்தான் அரசியலமைப்பில் ரஷ்ய மொழி, இனங்களுக்கிடையேயான தொடர்புமொழி. மால்டோவாவுக்குள் இருக்கும் ககாவுசியா தன்னாட்சிப் பகுதியில் மூன்று அலுவல்மொழிகளுள் ஒன்று. உலக நாடுகளில் பெரும்பாலானவை தனி நாடாக ஏற்காத அப்காசியா, தெற்கு ஒசேத்தியா, டிரான்ஸ்னிஸ்ட்ரியா மூன்றிலும் அதற்குத் தகுதி உண்டு. இவற்றுக்கு மேலே ஐக்கிய நாடுகள் அவை.

இந்த வரைபடத்துக்கு என்ன காரணம்? பேசுவோர் தொகை என்றுதான் முதலில் தோன்றும். சோவியத் ஒன்றியம் கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்திய 1989ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது லாட்வியாவில் ரஷ்யர்கள் 34 விழுக்காடு, எஸ்டோனியாவில் 30, உக்ரைனில் 22. பெலாரூஸில் 13 மட்டுமே. முதல் மூன்று நாடுகளிலும் இன்று ரஷ்ய மொழிக்கு அரசுமொழித் தகுதி இல்லை. நான்காவதில் முழுமையாக உண்டு. கிர்கிஸ்தானிலோ ரஷ்யர்களின் பங்கு பத்தாண்டுகளில் 21 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாகச் சரிந்த பிறகுதான் அலுவல்மொழித் தகுதியே வந்தது. தொகைக் கணக்கால் இதை விளக்க முடியவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்சிமொழிச் சட்டம் வெளிப்பார்வைக்கு ஒரு மொழிக்குத் தரும் மரியாதையாகத் தெரியும். நடைமுறையில் அது ஒரு கடமைப் பங்கீடு. ஒரே ஊரில், ஒரே அலுவலகத்தில் சந்தித்துக்கொள்ளும் இரு மொழியாருள் யார் மற்றவர் மொழியைக் கற்றாக வேண்டும், யாருக்கு அந்தச் சுமையிலிருந்து விலக்கு என்பதை அது தீர்த்துவைக்கிறது. 1968இல் இருமொழிக் கொள்கைக்கு வந்த ஒரு மாநிலத்தில் இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ரஷ்ய மொழி குறித்த சட்டங்களை இந்தக் கேள்வியோடு படிக்கலாம் என்பதே இன்றைய உரை.

1. சோவியத் ஒன்றியத்துக்கு அதன் ஆயுளில் பெரும்பகுதி சட்டப்படி அரசுமொழி என்று ஒன்று இருந்ததில்லை. கட்டாய அரசுமொழி வேண்டாம் என்று 1914இலேயே வாதிட்டு எழுதியவர் லெனின். அந்தக் கொள்கை காகிதத்தில் நின்றது. 1938 மார்ச் மாதத்து ஆணை, ரஷ்யரல்லாதோர் பள்ளிகள் அனைத்திலும் ரஷ்ய மொழியைக் கட்டாயப் பாடமாக்கியது. படை, கட்சி, ஆலை நிர்வாகம் எல்லாம் அந்த மொழியில் நடந்தன. 1970களின் நடுவிலிருந்து முனைவர் பட்ட ஆய்வேடுகளையும் ரஷ்ய மொழியில் தர வேண்டியதாயிற்று. உஸ்பெக் இலக்கியத்தை ஆராய்ந்தவரும் அதற்கு விலக்கல்ல.

இதன் விளைவை 1989 கணக்கெடுப்பே காட்டுகிறது. லாட்வியாவில் லாட்வியர்களுள் மூன்றில் இரு பங்கினர் ரஷ்ய மொழியில் தேர்ந்திருந்தார்கள். அங்கிருந்த ரஷ்யர்களுள் லாட்விய மொழி தெரிந்தவர்கள் ஐந்தில் ஒருவருக்குச் சற்றே அதிகம். கஜகஸ்தானில் கஜக் மொழி அறிந்த ரஷ்யர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இருமொழியம் என்று ஏடுகளில் பாராட்டப்பட்டது உண்மையில் ஒரு தரப்பு மட்டும் சுமந்த சுமை.

இதை முதலில் தெருவுக்கு வந்து எதிர்த்தவர்கள் ஜார்ஜியர்கள். ஜார்ஜியக் குடியரசின் அரசியலமைப்பில் ஜார்ஜிய மொழியே அரசுமொழி என்ற விதி பழைய காலத்திலிருந்து இருந்தது. 1978இல் புதிய அரசியலமைப்பு வரைவில் அந்த விதி காணாமற்போனது. ஏப்ரல் 14ஆம் நாள் திபிலிசியில் மாணவர்களும் மக்களும் திரண்டார்கள். அன்றைய சோவியத் ஆட்சியில் அப்படித் திரள்வது உயிரைப் பணயம் வைக்கும் செயல். மாஸ்கோ பின்வாங்கியது, விதி திரும்பிவந்தது. ஏப்ரல் 14 இன்றும் அங்கே ஜார்ஜிய மொழி நாள்.

1989ஆம் ஆண்டில் எஸ்டோனியா, லாட்வியா, தஜிகிஸ்தான், மால்டோவா, கிர்கிஸ்தான், கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், உக்ரைன் என்று குடியரசுகள் ஒவ்வொன்றாகத் தம் மொழியை அரசுமொழியாக்கிச் சட்டம் இயற்றின. அதற்குப் பதிலாகத்தான் 1990 ஏப்ரல் 24 அன்று, ஒன்றியம் முழுமைக்கும் ரஷ்ய மொழி அலுவல்மொழி என்ற சட்டம் வந்தது. இருபது மாதங்களில் அந்த ஒன்றியமே கலைந்துவிட்டது. ஆதிக்கம் இருந்த காலத்தில் தகுதி தேவைப்படவில்லை. மற்றவர்கள் கற்றேயாக வேண்டும் என்ற நிலை தளர்ந்தபோது அது தேவைப்பட்டது.

2. பெலாரூஸைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். இரு மொழிகளுக்கும் சம தகுதி என்பது நியாயமான தீர்வு என்று நினைப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய நாடு அது.

1994 அரசியலமைப்பு பெலாரூசிய மொழி ஒன்றையே அரசுமொழியாக்கியது. பள்ளிகளில் அது வேகமாகத் திரும்பிவந்த காலம் அது. அவ்வாண்டே அலெக்சாந்தர் லுகாஷென்கோ அதிபரானார். 1995 மே 14 அன்று நான்கு கேள்விகளோடு பொதுவாக்கெடுப்பு நடந்தது: ரஷ்ய மொழிக்குச் சம தகுதி, புதிய கொடியும் சின்னமும், ரஷ்யாவுடன் பொருளாதார இணைப்பு, நாடாளுமன்றத்தைக் கலைக்க அதிபருக்கு அதிகாரம். இதை எதிர்த்து நாடாளுமன்ற அவைக்குள் உண்ணாநோன்பிருந்த உறுப்பினர்களை ஆயுதம் தாங்கியவர்கள் இரவில் அடித்து வெளியேற்றினார்கள். மொழிக் கேள்விக்கு வாக்களித்தவர்களுள் 83 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள்.

அடுத்து நடந்தது அதிகம் பேசப்படாதது. 1998இல் திருத்தப்பட்ட மொழிச் சட்டம், அரசு ஆணைகள் பெலாரூசிய மொழியிலும் ரஷ்ய மொழியிலும், அல்லது இரண்டில் ஒன்றில் வெளியாகலாம் என்றது. அந்த 'அல்லது'தான் எல்லாவற்றையும் முடிவு செய்தது. இரண்டில் ஒன்று போதும் என்று சட்டம் சொன்னால், அலுவலர் தமக்கு எளிதானதை எடுப்பார். முந்தைய எழுபது ஆண்டுப் பழக்கம் ரஷ்ய மொழியை எளிதாக்கி வைத்திருந்தது. சட்டங்கள், தீர்ப்புகள், மருத்துவச் சீட்டுகள், பல்கலைக்கழக வகுப்புகள் யாவும் அந்தப் பக்கம் சாய்ந்தன. 2009 கணக்கெடுப்பில் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பெலாரூசிய மொழியே தம் தாய்மொழி என்று பதிந்தார்கள். வீட்டில் அதைப் பேசுவதாகச் சொன்னவர்கள் 23 விழுக்காட்டினர். பாடம் முழுவதையும் பெலாரூசிய மொழியில் நடத்தும் அரசுப் பல்கலைக்கழகம் அந்த நாட்டில் ஒன்றுகூட இல்லை.

சம தகுதி என்ற பெயரில் அங்கே வழங்கப்பட்டது விலக்கு. ரஷ்ய மொழி பேசுபவர் பெலாரூசிய மொழி தெரியாமலே பிறந்து, படித்து, அமைச்சராகி, ஓய்வுபெறலாம். பெலாரூசிய மொழி பேசுபவருக்கு அப்படி ஒரு வாழ்க்கை கிடையாது. வலுவில் ஏற்றத்தாழ்வுள்ள இரு மொழிகளுக்குக் கடமை வகுக்காமல் சம உரிமை மட்டும் தருவது மெலிந்ததைக் கைவிடுவதாகும் என்பதே என் முடிவு. அந்த மொழியைப் பேசுவதே அரசுக்கு எதிரான அடையாளமாகப் பார்க்கப்படும் அளவுக்கு அது தன் சொந்த நாட்டில் ஒதுக்கப்பட்டிருப்பது பெரும் துயரம்.

3. மத்திய ஆசியாவில் கதை வேறு. தமிழில் 'ஜமீலா' படித்தவர்களுக்கு சிங்கிஸ் ஐத்மாத்தவைத் தெரியும். கிர்கீஸ், ரஷ்யம் இரண்டிலும் எழுதியவர் அவர். அந்த இரு மொழி வாழ்க்கையைச் சட்டமாக்க முயன்ற நாடு கிர்கிஸ்தான்.

1990களில் அங்கிருந்து ரஷ்யர்கள் பெருமளவில் வெளியேறினார்கள். வெளியேறியவர்களுள் மருத்துவர்கள், பொறியாளர்கள், ஆசிரியர்கள் அதிகம். அவர்களைத் தக்கவைக்க அதிபர் அஸ்கர் அகாயெவ் பல வழிகளைத் தேடினார். 1993இல் பிஷ்கெக்கில் கிர்கீஸ்-ரஷ்ய ஸ்லாவியப் பல்கலைக்கழகம் தொடங்கியது. 2000 மே மாதம் ரஷ்ய மொழி அலுவல்மொழியாயிற்று. அடுத்த ஆண்டு அது அரசியலமைப்பிலும் ஏறியது. நீங்கள் இங்கேயே இருக்கலாம், உங்கள் மொழியிலேயே மனுக் கொடுக்கலாம் என்ற உறுதிமொழி அது.

ஆனால் அதே 2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் வேட்பாளர்கள் கிர்கீஸ் மொழித் தேர்வை எழுத வேண்டியிருந்தது. வலுவான போட்டியாளராகக் கருதப்பட்ட ஃபெலிக்ஸ் கூலொவ் அதற்கு உட்பட மறுத்துப் போட்டியிலிருந்து விலக நேர்ந்தது. தேர்வு அரசியல் ஆயுதமாகவும் பயன்பட்டது என்பதை மறுக்க மாட்டேன். இருந்தாலும் ஒரு கோடு தெளிவாக வரையப்பட்டது: குடிமகன் ரஷ்ய மொழியோடு வாழலாம், நாட்டை ஆள வருபவர் கிர்கீஸ் கற்க வேண்டும். 2021 அரசியலமைப்பு இந்த ஏற்பாட்டைத் தொடர்கிறது. 2023இல் வந்த சட்டம் அந்தக் கடமையை அரசு ஊழியர்களுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் விரித்தது. கஜகஸ்தானிலும் அதிபராக வருபவர் கஜக் மொழியில் தேர்ந்திருக்க வேண்டும் என்பது 1995 அரசியலமைப்பு விதித்த நிபந்தனை. நான் படித்த ஏற்பாடுகளுள் கடமையை ஓரளவேனும் நியாயமாகப் பகிர்ந்தவை இவையே.

தஜிகிஸ்தானில் சட்டத்தைவிடப் பிழைப்பு பெரிது. 2009இல் வந்த அரசுமொழிச் சட்டத்தில் ரஷ்ய மொழியின் பெயரே இல்லை. அரசியலமைப்பில் தொடர்புமொழி என்ற சொல் மட்டும் நின்றது. ஆனால் அந்நாட்டின் இளைஞர்கள் கட்டட வேலைக்கும் சந்தை வேலைக்கும் ரஷ்யாவுக்குப் போகிறார்கள். 2015 முதல் அங்கே வேலை அனுமதி வேண்டுவோர் ரஷ்ய மொழி, வரலாறு, சட்டம் மூன்றிலும் தேர்வு எழுத வேண்டும். தலைநகர் துஷான்பே எந்தச் சட்டம் இயற்றினாலும், மலைக்கிராமத்து இளைஞனுக்கு ரஷ்ய மொழியைக் கட்டாயமாக்குவது மாஸ்கோவின் குடியேற்ற விதி. கிர்கிஸ்தான் 2015இல் யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தில் சேர்ந்ததால் அதன் குடிமக்களுக்கு அந்தத் தேர்விலிருந்து விலக்கு கிடைத்தது.

4. லாட்வியாவில் ரஷ்ய மொழியை இரண்டாம் அரசுமொழியாக்கலாமா என்று 2012 பிப்ரவரி 18 அன்று வாக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ 75 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். எல்லையோர லாட்கலே வட்டாரம் மட்டும் ஆம் என்றது. அதில் தெளகவ்பில்ஸ் நகரத்தின் ஆதரவு மிகப் பெரிது. அன்று வாக்களிக்க முடியாதவர்களும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் இருந்தார்கள். சோவியத் காலத்தில் குடியேறி, விடுதலைக்குப் பின் குடியுரிமை பெறாமல் நின்றவர்கள் அவர்கள்.

லாட்வியர்களின் மறுப்பை இனவெறுப்பு என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இருபது லட்சம் பேர் வாழும் நாடு அது. அங்கே சம தகுதி வந்தால் பெலாரூஸில் நடந்ததுதான் நடக்கும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. யாருடைய மொழியை யார் கற்பது என்ற கேள்விக்கு ஐம்பது ஆண்டுகள் ஒரே விடைதான் இருந்தது. அந்த விடையை மாற்றும் உரிமை அவர்களுக்கு இருந்தது.

ஆனால் உரிமைக்கும் ஓர் எல்லை உண்டு. 2022இல் நிறைவேறிய குடியேற்றச் சட்டத் திருத்தம், ரஷ்யக் குடியுரிமை எடுத்துக்கொண்டு லாட்வியாவிலேயே நெடுங்காலம் வாழ்ந்துவருபவர்கள் 75 வயது வரை லாட்விய மொழித் தேர்வில் தேற வேண்டும் என்றது. எழுபது வயதைக் கடந்த மூதாட்டி வாழ்விட உரிமைக்காக வினாத்தாளோடு உட்கார நேர்ந்தது. பள்ளிப் பிள்ளைக்கும் அரசு ஊழியருக்கும் விதிக்கக்கூடிய கடமை இது. முதியவர்மீது இதைச் சுமத்தியது தவறு என்றே சொல்வேன்.

5. உக்ரைனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது தனி உரைக்குரியது. 1996 அரசியலமைப்பு உக்ரைனிய மொழியை அரசுமொழியாக்கி, ரஷ்ய மொழிக்கும் பிற சிறுபான்மை மொழிகளுக்கும் தடையற்ற வளர்ச்சியை உறுதிசெய்தது. 2012இல் ஒரு சட்டம், ஒரு வட்டாரத்தில் பத்து விழுக்காட்டினர் பேசும் மொழிக்கு அங்கே வட்டாரத் தகுதி தந்தது. கிழக்கு மாவட்டங்களில் அலுவலர்கள் உக்ரைனிய மொழியைத் தொடாமலே பணியாற்ற அது வழிவிட்டது. 2014 பிப்ரவரியில் நாடாளுமன்றம் அதை நீக்க வாக்களித்தது. தற்காலிக அதிபர் துர்ச்சினொவ் கையொப்பமிடவில்லை. சட்டம் நடைமுறையில் தொடர்ந்தது. 2018இல்தான் அரசியலமைப்பு நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. 2019இல் உக்ரைனிய மொழியை அரசுமொழியாக நடைமுறைப்படுத்தும் சட்டம் வந்தது.

நிறைவேறாத அந்த 2014 நீக்கம், ரஷ்ய மொழி பேசுவோர் ஆபத்தில் இருக்கிறார்கள் என்ற பரப்புரைக்கு ஆண்டுக்கணக்கில் தீனியாயிற்று. அவர்களைக் காக்க வந்ததாகவும் சொல்லிக்கொண்ட ரஷ்யப் படைகள் மரியுபோலையும் ஹார்கிவையும் குண்டு வீசி நொறுக்கின. இரண்டும் தெருவில் ரஷ்ய மொழி புழங்கிய நகரங்கள். 2022க்குப் பிறகு வீட்டில் ரஷ்யம் பேசிய உக்ரைனியர்கள் பலர் தாமாகவே உக்ரைனிய மொழிக்கு மாறினார்கள். எந்தச் சட்டமும் ரஷ்ய மொழிக்கு அங்கே இழைக்காத இழப்பை இந்தப் போர் இழைத்துவிட்டது.

6. இனி ரஷ்யாவுக்குள் வருவோம். 1993 அரசியலமைப்பின் 68ஆம் பிரிவு ரஷ்ய மொழியை நாடு முழுமைக்கும் அரசுமொழியாக்கி, குடியரசுகள் தத்தம் அரசுமொழியை வகுத்துக்கொள்ள உரிமை தந்தது. படிக்க நன்றாக இருக்கிறது. 2002இல் ஒரு திருத்தம், குடியரசுகளின் அரசுமொழிகள் சிரிலிக் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்றது. தாத்தார் மொழியை லத்தீன் எழுத்துக்கு மாற்ற தாத்தாரிஸ்தான் 1999இல் எடுத்த முடிவைத் தடுக்க வந்தது அது. லத்தீன் எழுத்தில் எழுதப்படும் கரேலிய மொழி கரேலியாவிலேயே அரசுமொழியாக முடியாமல் நிற்பதற்கும் இந்த விதி காரணம்.

தாத்தாரிஸ்தானில் தாத்தார்கள் பாதிக்குச் சற்று மேல். 1990களிலிருந்து அங்கே எல்லாப் பிள்ளைகளும், ரஷ்யப் பிள்ளைகள் உட்பட, தாத்தார் மொழியைப் படித்தார்கள். 2004இல் ரஷ்ய அரசியலமைப்பு நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. கடமை இரு பக்கமும் பகிரப்பட்ட அரிய இடம் அது. 2017 ஜூலையில் அதிபர் பூட்டின், தன் தாய்மொழியல்லாத மொழியைக் கற்கும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்று பேசினார். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் அரசு வழக்குரைஞர்கள் பள்ளிகளைச் சோதித்தார்கள். நவம்பரில் கட்டாயத் தாத்தார் பாடம் முடிவுக்கு வந்தது. 2018 ஆகஸ்டில் நாடு முழுவதும் குடியரசு மொழிகள் விருப்பப் பாடமாயின. ரஷ்ய மொழி கட்டாயமாகவே தொடர்ந்தது. தாய்மொழியல்லாததைக் கற்பிக்கக் கூடாது என்ற நெறி தாத்தார் பிள்ளைக்குப் பொருந்தவில்லை. 2020 அரசியலமைப்புத் திருத்தம் இன்னொரு படி போய், ரஷ்ய மொழியை அரசை உருவாக்கிய மக்களின் மொழி என்று வருணித்தது.

ரஷ்யாவுக்குள் உள்ள மற்றொரு குடியரசான உத்மூர்த்தியாவின் அறிஞர் அல்பெர்த் ராசின் 2018 சட்டத்தை எதிர்த்துத் தொடர்ந்து குரல் கொடுத்தவர். 2019 செப்டம்பர் 10 அன்று இஷெவ்ஸ்க் நகரில் குடியரசின் அவைக் கட்டடத்துக்கு முன்னால் தீக்குளித்து இறந்தார். அவருக்கு வயது 79. மொழிக்காகத் தீக்குளித்தவர்களின் பெயர்களைத் தெருக்களுக்கும் பாலங்களுக்கும் சூட்டியிருக்கும் நாம் அவர் பெயரையும் அறிந்திருக்க வேண்டும்.

7. உலக அமைப்புகளைப் பற்றி ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஐ.நா. சாசனம் ஐந்து மொழிகளில் சம மதிப்புடையது. அவற்றுள் ரஷ்யம் ஒன்று. 1946இலேயே அலுவல்மொழியான ரஷ்யம், பொதுப்பேரவையின் செயல்மொழியாக 1968 வரை காத்திருந்தது. 1959 அண்டார்டிக் உடன்படிக்கையின் நான்கு மொழிகளுள் அதுவும் ஒன்று. ஆனால் ஐ.நா. செயலகத்தின் செயல்மொழிகள் இன்றும் ஆங்கிலமும் பிரெஞ்சும் மட்டுமே. ரஷ்யத் தூதர் தம் மொழியில் பேசலாம். அதைக் கற்க வேண்டிய கடமை மொழிபெயர்ப்பாளரைத் தவிர அங்கே யாருக்கும் இல்லை. மறுபுறம், அமெரிக்க விண்கலங்கள் 2011இல் ஓய்வுபெற்றதும், அடுத்த ஒன்பது ஆண்டுகள் விண்வெளி வீரர்கள் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போக ரஷ்யாவின் சோயுஸ் விண்கலம் ஒன்றே வழி. எந்த அரசியலமைப்பின் ஆணையும் இல்லாமல் அமெரிக்க, ஜப்பானிய விண்வெளி வீரர்கள் ரஷ்ய மொழி கற்றார்கள்.

2023 அக்டோபரில் பிஷ்கெக் மாநாட்டில், ரஷ்ய மொழிக்கான பன்னாட்டு அமைப்பு ஒன்றை நிறுவும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதை முதலில் முன்மொழிந்தவர் கஜகஸ்தான் அதிபர் தொக்காயெவ். ரஷ்ய மொழி ரஷ்யாவுக்கு மட்டும் உரிமையுள்ளதன்று என்ற எண்ணம் அந்த முன்மொழிவில் இருப்பதாக நான் கருதுகிறேன். அது வெல்லுமா என்பது அமைப்பின் நிதியும் நிர்வாகமும் யார் கையில் இருக்கும் என்பதைப் பொறுத்தது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் துறைகளில் மொழிக்கொள்கை ஆய்வு என்றால் கனடா, பெல்ஜியம், சுவிட்சர்லாந்தோடு நின்றுவிடுகிறது. பெலாரூஸின் மின்ஸ்க், கிர்கிஸ்தானின் பிஷ்கெக், தாத்தாரிஸ்தானின் கசான் நகரங்களின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. அதைப் படிக்க ரஷ்ய மொழி வேண்டும். சென்னையில் அதற்கு வகுப்புகள் நடக்கின்றன, போய்ச் சேருங்கள். ஆனால் தாத்தாரைப் பற்றியும் கிர்கீஸைப் பற்றியும் ரஷ்ய மொழி நூல்களை மட்டும் வைத்து ஆய்வேடு எழுதாதீர்கள். உங்களில் ஒருவராவது தாத்தார் கற்க வேண்டும், ஒருவராவது பெலாரூசியம் கற்க வேண்டும்.